வாசல் தெளித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. மாமனார் 1974-ல் கட்டியது. நான் 1987-ல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன், அன்றிலிருந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வேலை என்னுடையது. போன மாதம் ஒரு நாள் காலை வழக்கம்போல பக்கெட்டைக் கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே இரண்டு கை தண்ணீர் தெளித்தேன். அது அந்தப் பக்கம் ஓடாமல் அப்படியே திரும்பி, கேட்டுக்கு அடியில் புகுந்து வந்து, வராந்தாவில் விட்டிருந்த என் செருப்பை நனைத்தது. புதுசாக ரோடு போட்டு அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது அந்தச் செருப்பைப் பார்த்துத்தான்.

வீட்டைக் கட்டியபோது வராந்தாவுக்கு மூன்று படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ரெட் ஆக்சைடு போட்டு வழவழவென்று தேய்த்தது. மாமனார் சாயங்காலம் நடுப்படியில் உட்கார்ந்து, கீழ்ப்படியில் காலை வைத்துக்கொண்டு, காலையிலேயே படித்து முடித்த பேப்பரை இன்னொரு தரம் படிப்பார். நான் வந்தபோதே கீழ்ப்படியில் பாதிதான் வெளியே தெரியும். என் பெரிய பையன் நடக்கப் பழகியபோது இரண்டு படி, அவன் காலேஜ் போனபோது ஒரு படி, அவன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோது படியே இல்லை, வராந்தாவும் ரோடும் ஒரே மட்டம். பந்தல்காரர் "நாற்காலி போட வசதியா இருக்கும்மா" என்று சந்தோஷப்பட்டார். இன்றைக்கு ரோட்டிலிருந்து ஏழு அங்குலம் இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும், டேப் வைத்து அளந்து சொல்கிறேன். பதினெட்டு அங்குலம் மேலே இருந்த வீடு ஏழு அங்குலம் கீழே போயிருக்கிறது, ஆக இருபத்தைந்து அங்குலம். வீடு எங்கேயும் புதையவில்லை சார், அஸ்திவாரம் போட்ட இடத்தில்தான் இருக்கிறது. ரோடுதான் ஐம்பது வருடமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, அந்தப் படிகள் மூன்றும் இன்னும் தாருக்கு அடியில் கிடக்கின்றன.

இது எப்படி நடக்கிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எங்களைப் போன்ற தெருவில் ஒரு தடவை தார் போட்டால் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் கனம் வரும். அதற்கு முன்னால் பள்ளத்தை நிரப்புகிறோம் என்று ஜல்லி கொட்டினால் அது தனி. நடுவில் கேபிளுக்கு ஒருவர், தண்ணீர்க் குழாய்க்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர் என்று தோண்டுவார்கள், தோண்டியதை மூடும்போது கொஞ்சம் மேடாகத்தான் மூடுவார்கள், அப்புறம் அந்த மேட்டுக்குச் சமமாக மற்ற இடத்தையும் ஏற்ற வேண்டியதாகிவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதுசைப் போட்டால் ரோடு ஏறாது. இதற்கு மில்லிங் என்று பெயர், மெஷின் இருக்கிறது, பெரிய ரோடுகளில் ராத்திரியில் கடகடவென்று ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போடக் கூடாது, வீடுகள் பள்ளமாகிவிடும் என்று தெளிவாகவே உத்தரவு போட்டார். பேப்பரில் வந்த அந்தச் செய்தியை நான் வெட்டி, பஞ்சாங்கம் வைக்கிற டிராயரில் வைத்திருந்தேன், எப்படியும் ஒரு நாள் உதவும் என்று.

அந்த நாள் போன மாதம் வந்தது. நாள் என்ன, ராத்திரி. பதினொன்றரை மணிக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், தெருமுனையில் தார் கலவை ஆவி பறக்க வந்து நிற்கிறது. பகலில் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, வண்டியை எடுங்கள் என்று மட்டும் ஒரு பையன் பத்து மணிக்கு வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் டேப்பும் இன்னொரு கையில் அந்தப் பேப்பர் துண்டுமாக இறங்கி, தப்பு, ஏறிப் போனேன். அப்போது எங்கள் வராந்தா ரோட்டுக்கு ஐந்தரை அங்குலம் கீழே.

"மில்லிங் பண்ணாம போடறீங்களே தம்பி" என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "மெஷின் பெரிய ரோட்டுக்குத்தாம்மா வரும், சந்துக்குள்ள திரும்பாது" என்றார். சின்ன மெஷினும் உண்டே என்றேன், என் மச்சினர் பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் சொல்லிக் கேட்டது. "எஸ்டிமேட்ல இல்லம்மா" என்றார். சரி, ஜேசிபி வைத்தாவது கொஞ்சம் சுரண்டுங்கள் என்றேன். தெரு முனையில் பத்தடிக்கு ஜேசிபி பல்லால் கீறினார்கள், புது ரோடும் பழைய ரோடும் சேர்கிற இடத்தில் வண்டி குதிக்காமல் இருப்பதற்காக அதை எப்படியும் செய்திருப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பேப்பர் துண்டைக் காட்டினேன். அவர் அதைச் செல்போன் வெளிச்சத்தில் முழுக்கப் படித்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார், "நீங்க சொல்றது கரெக்ட்தாம்மா" என்றார். அதற்குள் ரோலர் எங்கள் கேட்டைத் தாண்டிவிட்டது. ஐந்தரை ஏழாக ஆன கதை இதுதான். மறுநாள் வார்டு ஆபீசுக்குப் போனேன், மனு கொடுத்தேன், ரசீது கொடுத்தார்கள். ரசீது அதே டிராயரில் இருக்கிறது.

உயரம் மட்டும் இருந்தால்கூட ஏதாவது செய்து சமாளிக்கலாம், வாட்டம்தான் பெரிய பிரச்சினை. எங்கள் வீட்டில் மராமத்து என்றால் எப்போதும் வருகிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், மாமனார் காலத்தில் அவருடைய அப்பாவோடு சித்தாளாக வந்தவர். டியூப் லெவலை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். டியூப் லெவல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று சொல்லிவிடலாம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். ரோடு நடுவில் உயர்ந்து இரண்டு ஓரத்துக்கும் இறங்க வேண்டும், பத்தடிக்கு இரண்டரை அங்குலம் இறங்கினால் தண்ணீர் நிற்காமல் ஓடும் என்றார். எங்கள் தெருவில் எதிர்ப்பக்க ஓரம் மேடு, எங்கள் பக்க ஓரம் பள்ளம், நடு என்பதே இல்லை, மொத்த ரோடும் ஒரு முறம் மாதிரி எங்கள் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மழைநீர் வடிகால் இருப்பதோ எதிர்ப்பக்கத்தில். எங்கள் பக்கம் தண்ணீர் இறங்குவதற்கு என்று இருந்த இரண்டு ஓட்டைகளும் தாருக்கு அடியில் போய்விட்டன. மேஸ்திரி கடப்பாரையை வைத்துக் குத்தி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்த ஓட்டைக்குள் கையை விட்டால் தார் உருண்டை, பீர் பாட்டில் மூடி, இரண்டு தேங்காய் ஓடு.

இன்னொன்று, எங்கள் வீட்டில் கிணறு உண்டு. மாம்பலத்தில் பழைய வீடுகளில் இன்னும் கிணறு இருக்கிறது, உறை இறக்கிய கிணறு. 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, மாடித் தண்ணீர் முழுக்கக் கிணற்றில் விழுகிற மாதிரி குழாய் போட்டோம், வழியில் மணலும் கூழாங்கல்லும் போட்ட ஒரு தொட்டி. அந்தத் திட்டத்தை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அடுத்த இரண்டு வருடத்திலேயே கிணற்றில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்தத் தொட்டியின் வாய் வராந்தா மட்டத்தில் இருக்கிறது. இப்போது ரோட்டுத் தண்ணீர் உள்ளே வந்தால் அது முதலில் போகிற இடம் அந்தத் தொட்டி, அங்கிருந்து கிணறு. போன மழைக்கு அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை, பாத்திரம் கழுவக்கூட மனசு வரவில்லை. கிணற்றை இறைத்து, தூர் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தொட்டி மணலை மாற்றி, அந்தத் தொட்டிக்கு ஒன்பது அங்குலத்துக்குச் செங்கல் வைத்து வாயைத் தூக்கினோம். அடுத்த தார் வரும்வரை தாங்கும்.

அந்த வாடைக்குப் பாதிக் காரணம் தெருமுனையில் இருக்கிற மெஸ். நான் அவர்களுக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே போடுகிற ரவா தோசைக்கு அசோக் நகரிலிருந்தெல்லாம் வருகிறார்கள், எனக்கு முடியாத நாட்களில் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு அங்கிருந்துதான். இடம் பத்துக்குப் பன்னிரண்டு, அதனால் கை கழுவுகிற பேசினை வெளியே சுவரோரம் வைத்திருந்தார்கள், பாத்திரம் கழுவுவதும் பின்பக்கத் தெரு ஓரத்தில். முன்பெல்லாம் அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடி வடிகாலில் விழுந்துவிடும், அதுவும் தப்புதான், மழைநீர் வடிகாலில் எச்சில் தண்ணீரை விடக் கூடாது, ஆனால் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவில்லை. புது ரோடு போட்டதும் அது அத்தனையும் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தது. சாம்பார் மிதக்கிற தண்ணீர், எண்ணெய்ப் படலம், கறிவேப்பிலை. நான் அன்று போட்டிருந்த நெளிக்கோலத்தில் ஒரு கடுகு வந்து உட்கார்ந்திருந்தது.

போய்ச் சண்டை போடலாம் என்றுதான் போனேன். கல்லாவில் இருந்த பையன் "ஆன்ட்டி, இத்தனை வருஷம் வராத தண்ணி இப்ப வருதுன்னா எங்க மேல என்ன தப்பு?" என்று கேட்டான். அதில் பாதி நியாயம் இருந்ததால் சண்டை சரியாக வரவில்லை. அவனுடைய அப்பா வந்தார். உட்கார வைத்து காபி கொடுத்தார், காபி நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வருத்தம்தான். கடைசியில் பேசினை உள்ளே மாற்றி, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கீழே எண்ணெய் தனியாகத் தேங்குகிற மாதிரி ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து பாதாள சாக்கடைக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார். எண்ணெயை அப்படியே விட்டால் குழாய்க்குள் உறைந்து கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், அப்புறம் மேன்ஹோல் பொங்கி இன்னும் நாலு வீட்டுக்குக் கேடு. வாரத்துக்கு ஒரு தடவை அந்தத் தொட்டியை வழிக்க வேண்டும். வழிக்கிறார்களா என்று நான் சனிக்கிழமை மூடியைத் தூக்கிப் பார்ப்பது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். டெலிவரி பையன்கள் எங்கள் கேட்டை மறித்து வண்டி நிறுத்துவதும், ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் உருட்டுவதும் இன்னும் தீரவில்லை, அது வேறு கடிதம்.

தெருக்காரர்கள் நாங்கள் மட்டும் யோக்கியர்களா என்றால் இல்லை. ரோடு ஏற ஏற ஒவ்வொருவரும் தன் வீட்டு கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு சாய்வு கட்டிவிட்டார்கள், வண்டி ஏற. கேட்டுக்கு உள்ளே கட்டினால் இடம் போகிறது என்று வெளியே, இரண்டடி மூன்றடி தெருவுக்குள் நீட்டி. ஒவ்வொரு சாய்வும் ஒரு குட்டி அணை. ஓரமாக ஓட வேண்டிய தண்ணீர் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் முட்டி நின்று நடு ரோட்டுக்கு வருகிறது. ரோடு போட வருகிறவர்கள் இந்தச் சிமெண்ட் மேட்டை உடைக்க மாட்டார்கள், உடைத்தால் சண்டைக்கு வருவோம், அதனால் அதன் தலைக்குச் சமமாகத் தார் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள், எதிர்காலத்தையும் யோசித்து நாலடி உயர்த்தித் தளம் போட்டார்கள், கெட்டிக்காரத்தனம்தான், அவர்கள் மாடியில் விழுகிற மழையும் கீழே சிமெண்ட் தரையில் விழுகிற மழையும் நேராக எங்களிடம் வருகிறது. நானும் சாய்வு கட்டியிருக்கிறேன், ஒன்றரை அடி. நாளைக்கு எல்லாச் சாய்வையும் உடைக்கிறோம் என்று வந்தால் முதலில் என்னுடையதை உடைக்கட்டும், என் எதிரில் எல்லோருடையதையும் உடைக்கட்டும்.

வீடு பள்ளமாகிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? எங்கள் தெருவிலேயே இரண்டு விதமும் பார்த்துவிட்டேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்கள் தரையை மட்டும் உயர்த்தினார்கள். உள்ளே இரண்டடி மண் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட், டைல்ஸ். அதில் கூரை இரண்டடி இறங்கி வந்துவிட்டது. நிலைப்படியில் தலை இடிக்கிறது, ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, ஃபேனை நின்றபடியே துடைக்கலாம், துடைக்கிறார்கள். அடுப்பு மேடை, சுவிட்ச் போர்டு, பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டு மாமி சட்டையை மடக்கி மாட்டுகிற ஆணி அவருடைய இடுப்புக்கு வந்துவிட்டது, அதைப் பிடுங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்வீட்டில் ஜாக்கி வைத்தார்கள். பேப்பரில் படித்திருந்தாலும் கண்ணால் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. சுவரோரமாகத் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய இடத்தில் இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, அதற்குக் கீழே ஜாக்கியை வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். இரண்டு வாரத்தில் வீடு முழுக்க ஜாக்கி மேல் நின்றது, நூற்றுக்கு மேல் இருக்கும், எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். வேலை செய்தவர்கள் வடக்கே இருந்து வந்த பையன்கள். ஒருவர் நடுவில் நின்று குரல் கொடுப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் ஜாக்கியை ஒரு திருப்புத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள், மறுபடி குரல், மறுபடி திருப்பு. ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான். ஒருவன் கை முந்தினாலும் சுவர் விரிசல் விடும். அந்த வீட்டுப் பாட்டி மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கீழே வீட்டை ஏற்றிக்கொண்டிருக்க, அவர் மேலே இருந்து கூடையில் கயிறு கட்டி மோர் இறக்குவார், அந்தப் பையன்கள் குடித்துவிட்டு டம்ளரைக் கூடையில் வைப்பார்கள். மூன்றரை அடி ஏற்றி, இடைவெளியில் செங்கல் கட்டி, உள்ளே மணல் நிரப்பி, புதுசாகத் தரை போட்டார்கள். ஒரு விரிசல் இல்லை.

எங்களுக்கும் விலை கேட்டேன். தூக்குகிற கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள், அது காதுக்குத் தாங்கும்படிதான் இருக்கும். அப்புறம்தான் தரை, படி, கழிவறை இணைப்பு, சம்ப், கிரில், காம்பவுண்டு சுவர், கேட், வேலை நடக்கிற மாதங்களுக்கு வாடகை என்று ஒவ்வொன்றாக வரும். கூட்டிப் பார்த்தால் பதினொன்றரை லட்சம் வந்தது. என் வீட்டுக்காரர் பென்ஷன்காரர். பையன்கள் கொடுப்பார்கள், கேட்க எனக்கு மனசில்லை. நாங்கள் எதையும் இடிக்கவில்லை, கட்டவில்லை, இருந்த இடத்தில் இருந்தோம், அதற்கு இவ்வளவு செலவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் பொதுவாக இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

இந்த இடமே ஏரி, தண்ணீர் வராமல் என்ன செய்யும் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான், மாம்பலத்தில் பெரிய ஏரி இருந்தது, அதைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகரை உண்டாக்கினார்கள், எங்கள் பக்கம் லேக் வியூ ரோடு என்று ஒரு ரோடு இன்னும் இருக்கிறது, எந்த ஏரியைப் பார்க்க என்று பேரன் கேட்டான். 2015 டிசம்பரில் சென்னையே முழுகியது, அதில் எங்களுக்குத் தனியாகப் புகார் இல்லை. 2021 நவம்பரில் மாம்பலமும் தி.நகரும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன, துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை இரண்டையும் மூடினார்கள், அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், புது வடிகால்கள் வந்தன, மோட்டார்கள் வந்தன. எங்கள் பகுதியில் பெரிய ரோடுகளில் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வடிகிறது, வடிகிறதை வடிகிறது என்று சொல்லத்தான் வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு நாளில் ரோட்டில் வடிந்துவிட்டது, வீட்டுக்குள் இருந்தது வடியவில்லை, ஏனென்றால் வடிகால் இருக்கிற மட்டத்துக்குக் கீழே நாங்கள் இருக்கிறோம். மேட்டில் இருக்கிற வடிகாலுக்குப் பள்ளத்துத் தண்ணீர் தானாக ஏறுமா? நாங்கள் பக்கெட்டால் மொண்டு வெளியே ஊற்றினோம், ஃபிரிட்ஜும் கட்டிலும் செங்கல் மேல் நின்றன. ஏரி நூறு வருடத்துக்கு முந்தைய கதை, இந்த இருபத்தைந்து அங்குலம் என் கண் முன்னால் வந்தது. அதற்கும் ஏரிக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. பழைய ரயில்வே ஸ்டேஷன்களின் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், சின்ன வயதில் ரயில் நிற்கிறபோதெல்லாம் படித்துக்கொண்டே போவோம். அந்த மாதிரி ஒவ்வொரு தெருவிலும் முதல் கம்பத்திலும் கடைசிக் கம்பத்திலும் ஒரு கோடு போட்டு, இதுதான் இந்தத் தெரு ரோட்டின் உயரம், இதற்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதி வைக்கட்டும். வேலை முடிந்ததும் அந்தக் கோட்டுக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு என்று அளந்து, சரியாக இருந்தால்தான் பில் பாஸ் ஆக வேண்டும். அளக்க இன்ஜினீயர் வர வேண்டும் என்றுகூட இல்லை, பெயிண்டில் கோடு இருந்தால் கோலம் போட வருகிற யாரும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ரோடு போடுவதற்கு இரண்டு நாள் முன்னால், என்ன கனம், சுரண்டுகிறார்களா இல்லையா, எந்த ராத்திரி என்று ஒரு தாளில் எழுதித் தெருமுனையில் ஒட்டட்டும். எஸ்டிமேட்டில் மில்லிங் இல்லை என்றால் அந்த எஸ்டிமேட்டை யார் போட்டார்கள் என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

சந்துக்குள் பெரிய மெஷின் திரும்பாது என்பது நிஜமாக இருக்கலாம். அப்படியானால் சின்ன மெஷின் வரும்வரை அந்தச் சந்துக்கு ரோடு போட வேண்டாம், பள்ளத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போகட்டும், குண்டும் குழியுமான ரோட்டில் நடந்து எங்களுக்குப் பழக்கம்தான். எங்கள் தெரு பழைய ரோடு அப்படி ஒன்றும் மோசமாக இல்லை, இரண்டே இரண்டு பள்ளம், அதில் ஒன்று என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போய் விழுந்தது, அவரே அது போதும் என்கிறார்.

மேஸ்திரி அடுத்த வாரம் வருகிறார். கேட்டுக்கு உள்ளே ஒரு அடி உயரத்துக்குச் சின்னத் தடுப்புச் சுவர், அதற்கு உள்பக்கம் ஒரு குழி, குழியில் தானாக ஓடுகிற சின்ன மோட்டார், வந்த தண்ணீரைத் திருப்பி ரோட்டுக்கே தள்ள. ரோட்டுக்குத் தள்ளினால் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்று எனக்கும் தெரியும், அவர்களிடமும் சொல்லிவிட்டேன், அவர்களும் ஒரு மோட்டார் வாங்கப் போகிறார்களாம். ஐப்பசி பிறப்பதற்குள் சிமெண்ட் காய வேண்டும்.

உங்கள் பக்கத்தில் இடம் குறைவு என்று தெரியும், இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீர்கள். மெஸ் காபியை வெட்டினாலும் பரவாயில்லை, பாட்டியின் மோரைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரை அங்குலம் ஏழு அங்குலமாக ஆனதை மட்டும் எண்ணோடு போட்டுவிடுங்கள், வெட்டி டிராயரில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33